அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 66 வயது. வீட்டில் கால் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். பல வருடம் புகை பிடித்தவர், இப்போது விட்டுவிட்டார். சாப்பாடு இறங்கவில்லை, வாக்கர் பிடித்து நான்கு அடி நடந்தாலே களைத்துப்போகிறார். தெரிந்தவர் ஒருவர் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பா ஒன்றைக் கொடுத்து, காயம் சீக்கிரம் ஆறும், தெம்பு வரும் என்று சொல்லியிருக்கிறார். ஒரு மாத்திரையில் வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், வைட்டமின் இ 400 யூனிட், அதோடு பீட்டா கரோட்டின், செலினியம், துத்தநாகம். கொடுக்கலாமா என்பது கேள்வி. ஆனால் உங்கள் மனதில் உண்மையில் இருப்பது கடைசி வரியில் வருகிறது: "நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் ஒன்றும் இல்லைதானே? கொடுக்காமல் விட்டு அப்பாவுக்குக் குறை வைத்துவிட்டோம் என்று ஆகிவிடக் கூடாது." அந்த வரிக்குத்தான் நான் பதில் எழுதுகிறேன்.

நான் மருத்துவமனையில் உணவியல் நிபுணர். பல வருடங்களாக அறுவை சிகிச்சை வார்டுகளில்தான் பெரும்பாலும் வேலை. டாக்டர் இல்லை. உங்கள் அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் மருந்துச் சீட்டையும் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள். அந்த எல்லைக்குள் நின்று சொல்வதானால், இந்த மாத்திரையை இப்போது கொடுக்க வேண்டாம். கொடுக்காததால் அவருக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. அவருடைய களைப்புக்கும் காயத்துக்கும் செய்ய வேண்டியவை வேறு சில இருக்கின்றன. அவற்றுக்கும் வருகிறேன்.

முதலில், அந்த நண்பர் சொன்னது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அவர் சும்மா சொல்லவில்லை. உடம்பில் ஆக்ஸிஜன் பயன்படும்போது ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும், எதனோடும் சட்டென்று வினைபுரியும் மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை செல்லின் சவ்வையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் சேதப்படுத்தக்கூடியவை. அவற்றை அடக்கும் பொருள்களுக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர். முதுமைக்கே இவைதான் காரணமாக இருக்கலாம் என்று டென்ஹாம் ஹார்மன் 1956-இல் எழுதினார். அந்தக் கருத்திலிருந்துதான் பிற்பாடு இவ்வளவு பெரிய ஆன்டிஆக்ஸிடன்ட் சந்தை வளர்ந்தது. பெரிய அறுவை சிகிச்சையோ கடுமையான தொற்றோ வந்தால் ஃப்ரீ ரேடிக்கல்கள் அதிகமாகும், ரத்தத்தில் வைட்டமின் சி, செலினியம், துத்தநாகம் ஆகியவற்றின் அளவு இறங்கும். இதெல்லாம் அளந்து பார்த்த உண்மை. எதிரி கூடுகிறான், காவலர்கள் குறைகிறார்கள், அப்படியானால் காவலர்களை வெளியிலிருந்து அனுப்புவோம் என்று நினைப்பது இயல்புதான்.

ஆனால் அந்த எதிரி உண்மையில் எதிரிதானா என்பதில்தான் சிக்கல். உங்கள் அப்பாவின் காயத்துக்குள் கிருமி நுழைந்தால் அதைக் கொல்வது வெள்ளையணுக்கள். அவை கொல்வதற்குப் பயன்படுத்தும் ஆயுதமே ஃப்ரீ ரேடிக்கல் வகை மூலக்கூறுகள்தான். அவற்றை உண்டாக்கும் என்சைம் பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த நோய்க்கு நாள்பட்ட கிரானுலோமா நோய் என்று பெயர். அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே கடுமையான பாக்டீரியா, பூஞ்சைத் தொற்றுகள் திரும்பத் திரும்ப வரும். அதுமட்டுமில்லை, சிறு வெட்டு விழுந்தவுடனே அந்த இடத்துச் செல்கள் ஹைட்ரஜன் பெராக்ஸைடை வெளிவிடுகின்றன, "இங்கே வாருங்கள்" என்று வெள்ளையணுக்களை அழைக்கும் சமிக்ஞை அது. ஸீப்ரா மீன்களின் வாலில் இதை நேரடியாகப் பார்த்து 2009-இல் எழுதினார்கள். ஆறும் காயத்துக்கு இந்த மூலக்கூறுகள் ஓரளவு வேண்டும். எவ்வளவு வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை உடம்பு தானே செய்துகொள்ளும் என்சைம்களால் கவனித்துக்கொள்கிறது.

ரத்தத்தில் அளவு இறங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீக்கமும் அழற்சியும் இருக்கும்போது துத்தநாகத்தையும் செலினியத்தையும் ஏந்திச் செல்லும் புரதங்கள் ரத்தத்தில் குறையும், துத்தநாகம் ரத்தத்திலிருந்து கல்லீரலுக்குள் போய்விடும். அதனால் அறுவை சிகிச்சை முடிந்த வாரத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் இவை குறைவாக இருந்தால், அதை வைத்து மட்டும் சத்துக்குறைவு என்று முடிவு கட்ட முடியாது. நாங்கள் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவையும் சேர்த்துத்தான் படிப்போம்.

வைட்டமின் சி-யும் காயமும் என்று வரும்போது நான் எப்போதும் நினைத்துக்கொள்வது ஒரு பழைய பரிசோதனையை. பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை சிகிச்சை மருத்துவர், 1939-இல், வைட்டமின் சி அறவே இல்லாத சாப்பாட்டைத் தானே மாதக்கணக்கில் சாப்பிட்டார். ஒன்றரை மாதத்திலேயே அவருடைய ரத்தத்தின் திரவப் பகுதியில் வைட்டமின் சி இல்லாமல் போய்விட்டது. மூன்றாவது மாதத்தில் அவருடைய முதுகில் வேண்டுமென்றே ஒரு வெட்டுக் காயம் போட்டுப் பார்த்தார்கள். ரத்தத்தில் பூஜ்ஜியமாக இருந்தும் காயம் நன்றாகவே ஆறியது. ஆறாவது மாதத்தில் மறுபடி ஒரு காயம். இந்த முறை தோல் மேலே மூடினாலும் உள்ளே ஒட்டவே இல்லை. அதற்குள், வைட்டமின் சி இல்லாததால் வரும் ஸ்கர்வி நோயின் அறிகுறிகளும் வந்துவிட்டிருந்தன. பிறகு தினம் ஒரு கிராம் வைட்டமின் சி-யை ஊசி வழியே கொடுத்தார்கள், சுமார் பத்து நாளில் அந்தக் காயம் சரியாகக் கூடிவிட்டது. 1940-இல் இதை வெளியிட்டார்.

இந்த ஒரு மனிதரின் உடம்பிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. வைட்டமின் சி இல்லாவிட்டால் காயம் ஆறாது, அதில் சந்தேகமே இல்லை. காயத்தைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதம் உறுதியான கயிறாக முறுக்கிக்கொள்ள வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த நிலைக்கு வர அவர் மாதக்கணக்கில் ஒரு துளி வைட்டமின் சி கூட இல்லாமல் இருக்க வேண்டியிருந்தது. குறை இருக்கும்போது அதைச் சரிசெய்தால் அற்புதம் நடக்கும். குறை இல்லாதபோது மேலும் மேலும் கொடுத்தால் அதே அற்புதம் நடக்கும் என்று இந்தப் பரிசோதனை சொல்லவில்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றி நான் சொல்ல வேண்டியதெல்லாம் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. விளம்பரங்கள் முதல் பாதியைச் சொல்லி இரண்டாவது பாதியை விற்கின்றன.

உடம்பே இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி 75 முதல் 90 மில்லிகிராம், புகைப்பவர்களுக்கு இன்னும் 35 கூடுதல். தினம் 200 மில்லிகிராம் வரை போனாலே ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் அளவு கிட்டத்தட்ட உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. 1,000 மில்லிகிராமுக்கு மேல் ஒரே தடவையில் விழுங்கினால் பாதிகூட உள்ளே சேராது. நிரம்பிய தொட்டிக்குக் குழாயைத் திறந்துவைத்தது போல மிச்சம் வெளியே போகிறது, அதில் ஒரு பகுதி, சிறுநீரகக் கல்லாகச் சேரக்கூடிய ஆக்ஸலேட் என்ற பொருளாக மாறிச் சிறுநீரகம் வழியாகப் போகிறது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை.

சரி, தத்துவம் இருக்கட்டும், நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் என்ன ஆனது? உங்கள் டப்பாவில் உள்ள அதே ஐந்து பொருள்களை, அதாவது வைட்டமின் சி, இ, பீட்டா கரோட்டின், செலினியம், துத்தநாகம் ஆகியவற்றை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 1,200-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்த ஆய்வு 2013-இல் வந்தது. கனடா, அமெரிக்கா, ஐரோப்பா மருத்துவமனைகளில் நடந்தது. அந்த ஐந்தையும் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகம் பிழைக்கவும் இல்லை, சீக்கிரம் தேறவும் இல்லை. அதே ஆய்வில் சோதிக்கப்பட்ட குளூட்டமின் என்ற இன்னொரு சத்துப்பொருளைப் பெற்றவர்களிடையே இறப்பு கூடியிருந்தது. அதுவரை குளூட்டமின் மிகவும் நம்பப்பட்ட பொருள், எங்கள் துறையில் நிறைய பேரை உலுக்கிய முடிவு அது.

2022-இல் இன்னொன்று. கடும் ரத்தத் தொற்றோடு தீவிர சிகிச்சையில் இருந்த சுமார் 870 பேரில் ஒரு பாதிக்கு மிக அதிக அளவில் வைட்டமின் சி ஊசி வழியே போனது, மறு பாதிக்கு வெற்று மருந்து. 28-ஆம் நாள் பார்த்தபோது, இறந்தவர்களும் உறுப்புகள் தேறாமல் இருந்தவர்களும் சேர்த்து வைட்டமின் சி குழுவில் 44.5 சதவீதம், மற்றதில் 38.5 சதவீதம். உதவும் என்று எதிர்பார்த்துக் கொடுத்தது கெடுதலின் பக்கம் சாய்ந்தது. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட சுமார் 1,400 பேருக்கு அதிக அளவு செலினியம் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் நோயாளிகளுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. ரத்தத்தில் செலினியம் அளவு மட்டும் அழகாக ஏறியது.

இவையெல்லாம் மிகவும் நோயுற்றவர்களிடம் செய்தவை, வீட்டில் தேறிக்கொண்டிருக்கும் உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அது நியாயமான சந்தேகம். ஆனால் "மோசமாக நோயுற்றவருக்குத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் மிகவும் தேவை" என்பதுதான் இந்த மாத்திரைகளுக்கான மூல வாதம். அந்த வாதம் அதன் பலமான இடத்திலேயே நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"கெடுதல் இல்லைதானே" என்பதற்கு வருகிறேன். நீண்ட நாள் ஆய்வுகள் மூன்றைச் சொல்ல வேண்டும். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் வெளிவந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. தடுக்கும் என்று நம்பித் தொடங்கிய ஆய்வு. இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில், புகைபிடிப்பவர்கள், புகையை விட்டவர்கள், கல்நார் தொழிலாளர்கள் என 18,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 28 சதவீத அதிகரிப்பைக் கண்டது. அதை 21 மாதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது, வைட்டமின் இ 400 யூனிட்டைத் தினமும் சாப்பிட்ட ஆண்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்ததாக 2011-இல் தெரியவந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் சுமார் 35,000 பேர்.

இங்கே ஒன்றை நேர்மையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். பீட்டா கரோட்டினின் கெடுதல் தெளிவாகத் தெரிந்தது அந்தச் சமயத்தில் புகைத்துக்கொண்டிருந்தவர்களிடமும் கல்நார் வேலை செய்தவர்களிடமும்தான். புகையை விட்டவர்களிடம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. சில வாரம் சாப்பிட்டால் புற்றுநோய் வந்துவிடும் என்று யாரும் உங்களைப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம், அவை வருடக்கணக்கில் நடந்த ஆய்வுகள். நான் சொல்வது இவ்வளவுதான்: இவை உடம்பைத் தொடாமல் போகும் பொருள்கள் இல்லை. பலன் செய்யும் அளவுக்குச் சக்தி உண்டென்றால் கெடுதல் செய்யும் அளவுக்கும் உண்டு. காய்கறி, பழம் சாப்பிடுவதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அதில் கிடைக்கும் அளவும் சேர்க்கையும் வேறு.

இப்போது உங்கள் அப்பாவின் மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். எனக்கு உடனே உறுத்துவது வைட்டமின் இ. ஒரு நாள் தேவை 15 மில்லிகிராம், 400 யூனிட் என்பது அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். அதிக அளவு வைட்டமின் இ, ரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கும், ரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே-யின் வேலையிலும் குறுக்கிடும். ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, அதுவும் புதிதாக அறுத்துத் தைத்த இடுப்போடு இருப்பவருக்கு, இது தேவையே இல்லாத அபாயம். அவர் சாப்பிடும் அந்த மாத்திரை வார்ஃபரின் என்றால் இன்னும் கவனம். பல மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே வைட்டமின் இ-யை நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின், மீன் எண்ணெய், பூண்டுச் சாறு மாத்திரைகளைப் பற்றியும் இதே காரணத்துக்காக டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். "மருந்து எதுவும் சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் மக்கள் இவற்றைச் சொல்வதே இல்லை, மருந்துக் கணக்கில் இவை வராது என்று நினைக்கிறார்கள்.

தழும்பு மறைய வைட்டமின் இ கேப்ஸ்யூலை உடைத்துத் தடவும் பழக்கமும் இருக்கிறது, யாராவது சொல்லுவார்கள், அதனால் சேர்த்துவிடுகிறேன். 1999-இல் வந்த ஒரு சிறு ஆய்வில் தழும்பின் ஒரு பாதியில் வைட்டமின் இ கலந்த களிம்பும் மறு பாதியில் சாதா களிம்பும் தடவிப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் இல்லை அல்லது தோற்றம் மோசமானது. மூன்றில் ஒருவருக்குத் தோலில் ஒவ்வாமை வந்தது.

துத்தநாகம் காயத்துக்கு வேண்டியதுதான். ஆனால் நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நீண்ட நாள் போனால் செம்பு உள்ளே சேர்வதைத் தடுக்கும், அதனால் ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரலாம். செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி குறைவு. 2008-இல் அமெரிக்காவில் தவறாகத் தயாரித்த ஒரு சத்து திரவத்தால் 201 பேருக்கு செலினிய நஞ்சு ஏறி, முடி கொட்டி, நகம் பெயர்ந்தது. லேபிளில் போட்டிருந்ததைப் போலச் சுமார் 200 மடங்கு செலினியம் உள்ளே இருந்தது. இவை மருந்து அளவுக்குச் சோதிக்கப்பட்டு வரும் பொருள்கள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். லேபிளில் "ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி" என்று பெரிய எண் ஒன்று போட்டிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சோதனைக் குழாயில் எடுக்கும் அந்த அளவு உடம்புக்குள் நடப்பதைக் காட்டாது என்று சொல்லி, அமெரிக்க வேளாண்மைத் துறை தன்னுடைய அட்டவணையையே 2012-இல் எடுத்துவிட்டது.

இதுவரை படித்துவிட்டு இவை எதற்குமே உதவாது என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. உறுதியாக உதவும் இடங்கள் இருக்கின்றன. பாரசிட்டமாலை அளவு மீறி விழுங்கியவருக்கு என்-அசிட்டைல்சிஸ்டீன் உயிர் காக்கும் மருந்து, கல்லீரலில் தீர்ந்துபோன குளூட்டதையோன் என்ற, உடம்பு தானே செய்துகொள்ளும் ஆன்டிஆக்ஸிடன்டை அது திரும்ப நிரப்புகிறது. ஆனால் அதே மருந்தை, ஆன்ஜியோகிராம் சாயத்தால் சிறுநீரகம் கெடாமல் காக்கும் என்று நம்பிப் பல வருடம் கொடுத்தார்கள். சுமார் 5,000 பேரிடம் நடந்து 2018-இல் வந்த பெரிய ஆய்வு அதில் பலன் இல்லை என்று காட்டியது. பெரிய தீக்காயங்களில் புண்ணிலிருந்து வடியும் நீரோடு செம்பு, துத்தநாகம், செலினியம் எல்லாம் வெளியேறிவிடும், அங்கே அவற்றை ஊசி வழியே ஈடுகட்டுகிறோம். உடல் எடையைக் குறைக்க இரைப்பை அறுவை சிகிச்சை செய்தவர்கள் வாழ்நாள் முழுக்கச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். இந்த எல்லா இடத்திலும் என்ன குறைந்தது, ஏன் குறைந்தது என்று தெரியும்.

சந்தேகத்துக்கு உரிய இடங்களும் உண்டு. மணிக்கட்டு எலும்பு முறிந்தவர்களுக்கு வைட்டமின் சி 500 மில்லிகிராம் வீதம் 50 நாள் கொடுத்தால், பின்னால் வரும் ஒருவகைத் தீராத வலி நோய் குறைகிறது என்று நெதர்லாந்தில் இரண்டு ஆய்வுகள் சொன்னன, 1999-இலும் 2007-இலும். 2014-இல் எடின்பரோவில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மணிக்கட்டு உடைந்தவர் ஒருவர் டாக்டர் சொல்லி அந்த அளவில் சாப்பிட்டால் நான் தடுக்க மாட்டேன். இடுப்பு முறிவுக்கு அதை அப்படியே நீட்டிக்கவும் மாட்டேன். அதேபோல, ஊட்டச்சத்துக் குறைவோடு படுக்கைப் புண்ணும் இருந்த 200 பேரிடம் இத்தாலியில் நடந்த ஆய்வு 2015-இல் வந்தது. அர்ஜினின் என்ற அமினோ அமிலம், துத்தநாகம், ஆன்டிஆக்ஸிடன்ட் மூன்றும் கலந்த சத்துபானம் புண்ணை வேகமாக ஆற்றியது. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த பானத்திலும் கலோரியும் புரதமும் அதே அளவு இருந்ததால், அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் மூன்றில் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது, அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சத்துக் குறைந்தவர்கள். உங்கள் அப்பாவுக்குப் படுக்கைப் புண் இருந்தால் இதை டாக்டரிடம் கேட்கலாம்.

புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்குத் தனியாக ஒன்று. கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்த 540 பேருக்கு வைட்டமின் இ-யும், தொடக்கத்தில் அதோடு பீட்டா கரோட்டினும் கொடுத்த ஆய்வில் பக்கவிளைவு குறைந்தது. ஆனால் மாத்திரை சாப்பிட்ட காலத்தில் நோய் திரும்புவதோ புதிதாக இன்னொரு புற்றுநோய் வருவதோ கூடியிருந்தது. கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் ஃப்ரீ ரேடிக்கல் மூலமாகவே புற்றுச் செல்லைக் கொல்கின்றன. புற்றுநோய் டாக்டருக்குத் தெரியாமல் எதையும் தொடாதீர்கள்.

இனி அப்பாவின் களைப்பு. இடுப்பு முறிந்து மூன்றாவது வாரத்தில் ஒருவர் இப்படிக் களைத்துப்போனால் நான் முதலில் பார்ப்பது ஹீமோகுளோபின். முறிவிலும் அறுவை சிகிச்சையிலும் கணிசமான ரத்தம் போயிருக்கும், டிஸ்சார்ஜுக்குப் பிறகு அதை மறுபடி பார்க்க நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அடுத்து, வலி மாத்திரையால் வரும் தூக்கக் கலக்கம், மலச்சிக்கல், தூக்கமின்மை, மனச்சோர்வு. சாப்பாடு இறங்காததற்கு வெறும் மலச்சிக்கலே காரணமாக இருந்து, அது சரியானதும் பசி திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைவாய்ப் பல் வலியோ சரியாகப் பொருந்தாத பல்செட்டோ இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அப்புறம் புரதம். அறுவை சிகிச்சைக்குப் பின் வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ எடை என்றால் 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டால், அரைகுறையாகச் சாப்பிடுகிறவர் இதில் பாதியைத் தொடுவதே கஷ்டம் என்று தெரியும். கொலாஜன் புரதம், தசை புரதம், வெள்ளையணுக்கள் செய்யும் எதிர்ப்பொருளும் புரதம். செங்கல்லே இல்லாத இடத்தில் வைட்டமின் என்ன செய்யும்? மூன்று வேளை பெரிய சாப்பாட்டுக்குப் பதிலாக ஆறு சிறு வேளைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முட்டை, பால், தயிர், பருப்பு, மீன், கோழி என ஏதாவது ஒன்று இருக்கும்படி செய்யுங்கள். காலையில் மட்டும் நன்றாகச் சாப்பிடுகிறார் என்றால் காலையிலேயே அதிகம் வையுங்கள். அதுவும் முடியாதபோது புரதமும் கலோரியும் சேர்ந்த சத்துபானம் கைகொடுக்கும், அந்த வகை பானம் இடுப்பு முறிவு நோயாளிகளுக்குச் சிக்கல்களைக் குறைக்கலாம் என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, பலமான ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் இந்தப் புரத அளவை டாக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். தினம் ஒரு ஆரஞ்சோ கொய்யாவோ இரண்டு வேளை காய்கறியோ போனால் வைட்டமின் சி தேவை அதிலேயே தீர்ந்துவிடும். பழமும் காயும் பல வாரமாகத் தொடவே இல்லை என்றால், ஒரு நாள் தேவையை ஒட்டிய அளவில் ஒரு சாதாரண மல்டிவைட்டமின், டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். அதற்கும் 1,000 மில்லிகிராமுக்கும் சம்பந்தம் இல்லை.

பிசியோதெரபியை விடாதீர்கள். இதில் ஆன்டிஆக்ஸிடன்டுக்கு நேரடித் தொடர்பு ஒன்றும் இருக்கிறது. 2009-இல் வந்த ஒரு சிறு ஆய்வில், நான்கு வாரம் உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் பாதிப் பேருக்குத் தினமும் வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், வைட்டமின் இ 400 யூனிட் கொடுத்தார்கள். உங்கள் டப்பாவில் உள்ள அதே அளவு. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, சாப்பிட்டவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. உழைக்கும் தசையில் உண்டாகும் ஃப்ரீ ரேடிக்கல்தான் "நீ பலப்பட வேண்டும்" என்று தசைக்குச் சொல்கிறது போலும். ஆரோக்கியமான இளைஞர்களிடம் கண்டது 66 வயதுக்காரருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது திறந்த கேள்விதான். ஆனால் வாக்கரோடு அவர் எடுக்கும் ஒவ்வொரு அடியும் இப்போது மருந்து என்பதால், அதன் பலனில் கை வைக்கக்கூடிய எதையும் நான் சேர்க்க மாட்டேன்.

கடைசியாக, நீங்கள் பயந்தீர்களே, குறை வைத்துவிடுவோமோ என்று, அப்படிக் குறை விழக்கூடிய ஒரு இடம் நிஜமாகவே இருக்கிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது என்றால் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். முறிவைச் சரிசெய்து அனுப்பிவிடுகிறார்கள், எலும்பு மெலிவுக்கான சிகிச்சை பலருக்குத் தொடங்கப்படுவதே இல்லை. இடுப்பு முறிவு அறுவை சிகிச்சை முடிந்து 90 நாளுக்குள், வருடத்துக்கு ஒருமுறை போடும் ஸோலெட்ரோனிக் அமில ஊசியைத் தொடங்கிய 2,000-க்கும் மேற்பட்டவர்களின் ஆய்வு 2007-இல் வந்தது. வெற்று ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டால் அடுத்த எலும்பு முறிவு 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்தன. அவருக்கு அந்த ஊசி பொருந்துமா, வேறு மருந்தா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகம் மூன்றையும் பார்க்க வேண்டும், பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்று வாரம்தான் ஆகிறது, நேரம் இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது ஹீமோகுளோபினையும் வைட்டமின் டி-யையும் பார்க்கச் சொல்லுங்கள், எலும்பு மெலிவுக்குச் சிகிச்சை தொடங்கலாமா என்று கேளுங்கள், அந்த மாத்திரை டப்பாவையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். அதற்குள் காயத்தைச் சுற்றிச் சிவந்து சூடாக இருந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மலம் கருப்பாகப் போனாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.